எரிவாயு உருளையில் கண்ணில் படாத அமைப்புகள்

திருவள்ளூர் மாவட்டத்தின் புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பலர் வாடகை அறைகளில் தங்கிச் சமைத்துக்கொள்கின்றனர். படுக்கையும் அடுப்பும் சிலிண்டரும் ஒரே அறையில் இருக்கும்போது, சிலிண்டரின் சிறு அமைப்புகளை அறிந்திருப்பது உயிர் காக்கும்.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் 'டி-27' என்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை. பி, சி, டி ஆகியன அடுத்தடுத்த காலாண்டுகள். எண் ஆண்டைக் குறிக்கும். ஆக, டி-27 என்றால் 2027 அக்டோபர்–டிசம்பர். பலரும் இதை எரிவாயுவின் காலாவதித் தேதி என்று எண்ணுகின்றனர். எரிவாயு கெட்டுப்போவதில்லை. எஃகு உருளையை அடுத்த அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டிய கெடுவே அது. கெடு கடந்த உருளை வந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம். மற்றொரு பட்டையில் காலி உருளையின் எடை இருக்கும். அது 15.3 கிலோ என்றால், வீட்டு உபயோகத்துக்கான நிரம்பிய சிலிண்டர் 29.5 கிலோ நிற்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டியது 14.2 கிலோ.

அடிவளையத்துத் துளைகள் அழகுக்கானவை அல்ல. அவற்றின் வழியே காற்று புகுந்து, தேங்கும் நீர் வெளியேறுவதால் அடிப்பாகம் எளிதில் துருப்பிடிப்பதில்லை. சூடு தணிக்கத்தான் அவை என்று மட்டும் சொல்வது பாதி விளக்கமே. உருளைக்குள்ளும் ஏறக்குறைய 15 விழுக்காடு இடம் திரவமின்றி விடப்படுகிறது. வெயிலில் திரவம் விரிவடைய அந்த இடம் தேவை.

எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நாம் உணரும் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற சேர்மத்தால் வருவது. 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது அங்கே சட்டமானது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எனவே உயரமான சன்னலைத் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. நைலான் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியும் இதற்கானதே: ரெகுலேட்டரைக் கழற்றியபின் வால்வில் கசிவு தெரிந்தால், அந்த மூடியை அழுத்திப் பொருத்தி அடைத்துவிடலாம். அதனால்தான் அக்கயிற்றை அறுத்து எறிவது தவறு.