நூற்புழுவை அழைக்கும் வேர், அடக்கும் வேர்

காஞ்சிபுரம் சுற்று வட்டாரத்தில் ஏரிப் பாசன நிலங்களில் நெல்லும், கிணறு உள்ள தோட்டக்கால்களில் காய்கறியும் பூவும் சாகுபடி செய்யப்படுகின்றன. தோட்டக்காலில் கத்தரி, அடுத்து தக்காளி, அதன்பின் வெண்டை என்று பயிரிட்டு வந்தால், சில போகங்களுக்குப் பிறகு ஒரு தொல்லை தலைகாட்டுவதுண்டு. தண்ணீர் பாய்ச்சிய நிலத்திலேயே செடிகள் நடுப்பகலில் துவளும். இலை வெளுக்கும், காய் சிறுக்கும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா இட்டால் செலவுதான் கூடும்.

இத்தகைய செடியைப் பிடுங்கி வேரை நீரில் அலசிப் பார்க்க வேண்டும். வேர் ஆங்காங்கே பருத்து முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. உளுந்து, நிலக்கடலை வேர்களில் காணும் நன்மை தரும் வேர்முண்டுகளை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர்முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நகத்தால் நெருடினால் உதிரும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே பருத்து உண்டாவது. அதைத் தனியே எடுக்க முடியாது.

வேரை எப்படி அறிகிறது?

இளம் புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அதற்குக் கண்ணும் கிடையாது. வேர் சுவாசிக்கும்போது வெளிவிடும் கரியமில வாயுவும், வேரிலிருந்து கசியும் பல பொருட்களுமே அதற்கு வழிகாட்டி. வேர் நுனியருகே துளைத்து உள்ளே சென்று ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அதன் உமிழ்நீரால் அங்குள்ள செல்கள் பூதாகாரமாகப் பருத்துப் புழுவுக்குத் தீனிக்கிடங்காகின்றன. ஒரு பெண் புழு 300 முதல் 500 முட்டைகள் வரை இடும். வெப்பமான நமது பகுதியில் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும்.

எல்லா நூற்புழுவும் ஒரே விதமல்ல. 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டுப் புழுவின் முட்டைகள், உருளைக்கிழங்கு இனச் செடிகளின் வேர்க்கசிவு பட்டால்தான் பெருமளவில் பொரிக்கும். இல்லையேல் பல ஆண்டுகள் மண்ணிலேயே காத்திருக்கும். வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளோ ஈரமும் வெப்பமும் இருந்தால் பொரித்துவிடும். பொரித்த புழுவுக்கு ஏற்ற வேர் கிடைக்காவிட்டால் பட்டினியால் மடியும். விவசாயிக்குச் சாதகமான இடம் இதுதான். அடுத்து நடும் பயிரின் வேர் அந்தப் புழுவுக்கு உணவாகக் கூடாது.

செண்டுமல்லியின் வேர்

கேந்தி எனப்படும் செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா டெர்தையினைல் என்னும் பொருள் உள்ளது. இது நூற்புழுவைக் கொல்லும் என்பதை 1958-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். வேரைத் தேடி வரும் புழு அதிலேயே மடிகிறது, அல்லது வளர முடியாமல் போகிறது. உயிருள்ள வேருக்கே இந்த ஆற்றல் அதிகம். ஆகவே செடியைப் பிடுங்கி உரமாக இடுவதைவிட நிலத்தில் வளர்ப்பதே நல்லது.

வரப்போரம் சில செடிகள் வைத்தால் போதாது. நிலம் முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். களை இருக்கக் கூடாது. பல களைகளின் வேரிலும் இப்புழு பெருகும். கோயில் நகரமான காஞ்சியில் மாலைப் பூவுக்குத் தேவை இருப்பதால், நிலம் சுத்தமாகும்போதே பூவிலிருந்தும் வருமானம் பார்க்கலாம்.

பசுந்தாள் உரப் பயிரான சணப்பையும் உதவும். இதன் வேரில் புழு புகுந்தாலும் பெருகுவது அரிது. எதிர்ப்புச் சக்தியுள்ள தக்காளி ரகங்களில் புழு நுழைந்த இடத்துச் செல்கள் உடனே மடிவதால் புழுவுக்குத் தீனி கிடைப்பதில்லை. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். கோடையில் இந்த ரகங்களை மட்டும் நம்ப இயலாது.

செய்ய வேண்டியவை

* கத்தரியைத் தாக்கும் இன்காக்னிட்டா இனம் நிலக்கடலையில் பெருகாது. அரினேரியா இனமோ நிலக்கடலையையே தாக்கும். எனவே மாற்றுப் பயிரை முடிவு செய்யுமுன் மண், வேர் மாதிரிகளைச் சோதித்து இனம் அறிவது நல்லது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென நூற்புழுவியல் துறை உள்ளது.

* நாற்றுகளின் வேரைப் பார்த்து நடவேண்டும். முடிச்சுள்ள நாற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

* சித்திரை வெயிலில் இரண்டு மூன்று முறை உழுது மண்ணைக் காயவிடலாம்.

* கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம்.

* அறுவடை முடிந்ததும் முடிச்சு விழுந்த வேர்களை உழுதுவிடாமல் பிடுங்கி எரிக்க வேண்டும்.

இவற்றால் புழு அடியோடு ஒழிந்துவிடாது, எண்ணிக்கை குறையும். மறுபடியும் கத்தரி மேல் கத்தரி நட்டால் பழைய நிலை திரும்பும். எனவே காய்கறிக்கு இடையே ஒரு போகம் செண்டுமல்லி அல்லது சணப்பை என்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.