நாலு மணிக்கு உங்கள் பிள்ளை எதையெல்லாம் அடக்குகிறது?

பள்ளிக்கூட மணி அடித்ததும் உங்கள் பிள்ளை என்ன செய்யும்? 'இதென்ன கேள்வி, பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வரும்' என்பீர்கள். உண்மைதான், ஓடி வரும். ஆனால் வாசலைத் தாண்டியதும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. வெளியே இரண்டு வரிசை கார், குறுக்கே திரும்பப் பார்க்கும் ஒரு வேன், ஹாரன் அடிக்கும் ஜீப், சந்தில் நுழையும் டூவீலர். எதுவும் நகராது. எல்லா இன்ஜினும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தப் புகைக்கு நடுவில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இது ஏதோ சென்னை, மதுரை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காற்று மாறினால் உடம்பு தேறும் என்று ஊரே ஏறி வருகிற கொடைக்கானலிலும் இதே கதைதான். மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு ரோடு சந்திப்பு வரை சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தூண் பாறையும் குணா குகையும் பார்த்துவிட்டுத் திரும்பும் டூரிஸ்ட் வண்டிகளும், பிள்ளைகளை அழைக்க வந்த நம் வண்டிகளும் ஒரே நேரத்தில் அந்தக் குறுகலான மலைச்சாலையில் மோதுகின்றன.

'டிராபிக்கைப் பற்றி எழுத வைத்தியருக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. சாலையில் வண்டி அடைபட்டால் அது போலீஸ்காரர் பிரச்சினை. பிள்ளையின் உடம்புக்குள் அடைபட்டால் அது என் பிரச்சினை!

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கு சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தானாக வெளிப்படுத்தும் இயற்கை உந்துதல்கள் இவை. கீழே பிரியும் காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாடத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே வரும். இதில் ஒன்று பெரியவர்களுக்கு மட்டும் உரியது. மற்ற பதின்மூன்றும் பிள்ளைகளுக்கும் உண்டு.

இப்போது பள்ளி விடும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது. நாலரை மணிக்குப் பசி. தண்ணீர் பாட்டில் காலி, தாகம். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கி வைத்த சிறுநீர், மலம். வேன் வளைவில் திரும்பும்போது குமட்டும் வாந்தி. நாள் முழுக்க உட்கார்ந்த களைப்பு, கண்ணைச் சொக்கும் தூக்கம். புகையில் இருமல். ஒழுங்காக இழுக்க முடியாத மூச்சு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வீடு சேர்ந்தால் எல்லாமே சரியாகிவிடும். ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தால்?

பெருமாள்மலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண். "டாக்டர் ஐயா, மூணு மாசத்துல ரெண்டாவது தடவை ஒன்னுக்குப் போறப்ப எரியுதுங்கறா, காய்ச்சலும் வருது" என்றார். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று தெரிந்தது. அதற்கான மருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அந்தப் பெண்ணிடமே கேட்டேன்: "பாப்பா, ஸ்கூலுக்குக் கொண்டு போற தண்ணியை ஏம்மா அப்படியே திருப்பிக் கொண்டு வர்றே?"

"குடிச்சா ஒன்னுக்கு வரும். வேன்ல நிறுத்த மாட்டாங்க."

எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி இது. சிறுநீரை அடக்க முடியவில்லை, அதனால் தாகத்தை அடக்கிவிட்டாள்! சிறுவர்களின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. வயதோடு இரண்டைக் கூட்டி, முப்பதால் பெருக்குங்கள். எட்டு வயதுக்குச் சுமார் 300 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவுதான். அதை மணிக்கணக்கில் அடக்கினால் தொற்று வரும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஒன்று இன்னொன்றை வளர்க்கும்.

மூச்சுக் கணக்கு

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர்கள் கணக்கு. நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவமும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 18 வரை என்றுதான் சொல்கிறது. ஆனால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை 20 முதல் 25 தடவை மூச்சு விடுகிறது. உடல் எடைக்குப் பார்த்தால், பெரியவர்களைவிட அதிகக் காற்றை அது உள்ளே இழுக்கிறது. போதாததற்கு, கார்களின் புகைக்குழாய் இருப்பது பிள்ளையின் முழங்கால், இடுப்பு உயரத்தில். நாம் நிமிர்ந்து நிற்கிறோம்; அது குனிந்து பையைத் தேடுகிறது.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. வண்டிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதிலும் புகை பங்கு கேட்டால் எப்படி?

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்தில் படிந்துவிடும். மூடி போட்ட பாத்திரம் மாதிரி புகையும் அங்கேயே தங்கும். ஐயம் மிகுந்த உடம்புள்ள பிள்ளைகளுக்கு, அதாவது அடிக்கடி சளி பிடித்து இழுக்கும் பிள்ளைகளுக்கு, குளிரும் புகையும் சேர்ந்தால் ராத்திரி நிம்மதி போச்சு. கைக்குட்டையை மூக்கில் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நுண்துகளைத் துணி தடுக்காது.

யார் வண்டி, யார் பிள்ளை?

'எல்லாம் டூரிஸ்ட்டால வந்த வினைங்க' என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். பாதி உண்மை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் போட்டார்கள். சரி, வெளியூர் வண்டிக்கு நீதிமன்றம் கணக்கு வைத்தது. நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் நம் வண்டிக்கு யார் கணக்கு வைப்பது?

நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு காருக்கு ஐந்து மீட்டர் என்று வைத்தால், நூறு கார் ஒட்டி நின்றாலே அரை கிலோமீட்டர். ஒரு காரில் பெரும்பாலும் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. நாற்பது பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸோ பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் அடைக்கும்.

அந்த பஸ்ஸில் இருப்பது யார் என்று பாருங்கள். வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, பண்ணைக்காடு போகிற பிள்ளைகள். பல கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் போக வேண்டியவர்கள். முன்னால் நிற்கும் காரில் இருப்பதோ ஒரு கிலோமீட்டரில் வீடு இருக்கும் பிள்ளை. நெரிசலை உண்டாக்குகிறவர் ஒருவர், பசியோடு காத்திருப்பது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை. மலையில் இருட்டு சீக்கிரம் வரும், பனி இறங்கும், காட்டுமாடு சாலைக்கு வரும். அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்ட வழியே நடக்கும் ஒரு பெண் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அரை கிலோமீட்டர் போதும்!

என் மருந்துச் சீட்டில் முதல் மருந்து இது. பள்ளி வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே, அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். இறங்கி நடந்து போய்ப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். எட்டு, பத்து நிமிட நடை. வாசலில் வண்டி குறைந்தால் புகை குறையும், பஸ் நேரத்துக்குக் கிளம்பும். நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளையின் காலுக்கு அசைவு கிடைக்கும், குடலும் வேலை செய்யும்.

நடப்பது நமக்குப் புதுசா என்ன? தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே வருகிறவர்கள் நம் ஜனங்கள். 1910-களில் பத்தலக்குண்டு மலைச்சாலை வரும் வரை கொடைக்கானலுக்கே பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏறினார்கள்.

மற்ற ஊர்களும் இதே வைத்தியத்துக்குத்தான் வந்திருக்கின்றன. இத்தாலியில் போல்சானோ என்ற மலை நகரம் 1980-களின் கடைசியிலேயே, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவில் வண்டிகளைத் தடுத்தது. இன்று லண்டனில் மட்டும் இப்படி நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்கள் இருக்கின்றன. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து கூட்டமாக நடந்தே போகிறார்கள்.

பெற்றோரும் பள்ளியும் செய்ய வேண்டியவை

1. கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்பு எல்லாப் பிள்ளைகளையும் கழிவறைக்கு அனுப்பச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் முதல் பேச்சாக இதைப் பேசுங்கள். கழிவறை சுத்தமாக இருந்தால்தான் பிள்ளை போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. பையில் சின்ன டப்பா ஒன்று. அதில் வறுத்த வேர்க்கடலை அல்லது பொரிகடலை. கூடவே ஒரு மலைவாழைப்பழம். விருப்பாச்சி மலைவாழை நம் மலையின் வரம். பஞ்சாமிர்தத்துக்கு அதைத்தான் தேடுகிறோம், பிள்ளைக்குக் கொடுக்க யோசிக்கிறோம்! வாந்தி வரும் பிள்ளைக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்; வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள்.

3. காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள். 'குளிருதே, ஹீட்டர் போட்டிருக்கேன்' என்றால், உங்கள் குளிருக்கு அடுத்தவர் பிள்ளை புகை குடிக்கிறது.

4. சின்ன வகுப்பு முதலில், பெரிய வகுப்பு பத்து நிமிடம் கழித்து, தூரத்து பஸ் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று பிரித்து விடப் பள்ளியைக் கேளுங்கள். செலவில்லாத வழி.

5. ஒரே தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால், முறை வைத்து இரண்டு பெரியவர்கள் நடத்திக் கூட்டி வரலாம். பனிக்காலத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஸ்வெட்டர் போட்டால் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்.

6. 'பையனே ஸ்கூட்டரில் வந்துடுவான்' என்று சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமம் பெறும் வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை.

7. வேனுக்குள் ஏறிப் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரைப் பலகை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. விதி காகிதத்தில் இருக்கும். தரைப் பலகை, கதவுத் தாழ்ப்பாள், உதவியாளர் மூன்றையும் உங்கள் கண் பார்க்க வேண்டும்.

வீடு வந்த பிறகு

முதலில் கழிவறை, பிறகு முகம் கழுவி இளஞ்சூட்டு உப்பு நீரில் வாய் கொப்பளிப்பு. சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தூதுவளை ரசம், மிளகு சேர்த்து. தொண்டை கரகரப்புக்குக் கற்பூரவல்லி இலை போட்டுக் கொதித்த நீர் கொஞ்சம். தொண்டைக்கு இதம் தருபவை இவை. உள்ளே போன கரியைக் கழுவி எடுக்கும் மூலிகை எதுவும் கிடையாது. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை என் மருந்துக்காகக்கூட நிறுத்தக் கூடாது.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், கஷாயம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஆம்புலன்சும் இதே சாலையில்தான் வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நாளைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு நாள் பரீட்சித்துப் பாருங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், நடந்து போங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பள்ளியில் நடந்த கதை முழுக்க உங்களுக்குச் சொல்லிவிடும். பூம்பாறை பஸ்ஸும் பத்து நிமிடம் முன்னால் கிளம்பும்.