பியூஸ் ஒரு காவல்காரன்

இரவு பதினோரு மணி. புனேயிலிருந்து மும்பைக்கு ஒரு வாடகைக் கார் வந்து கொண்டிருந்தது. கண்டாலா மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். காருக்குள் ஒரு குடும்பம் தூங்கிக் கொண்டிருந்தது.

திடீரென்று இரண்டு ஹெட்லைட்டுகளும் அணைந்தன. ஒரே இருட்டு!

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். காரை ஓரமாக நிறுத்தினார். பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஹெட்லைட் பியூஸ் எரிந்து போயிருந்தது. மாற்று பியூஸ் கைவசம் இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாளை எடுத்தார். அதைப் பியூசின் மேல் சுற்றிச் செருகினார். லைட் எரிந்தது. வண்டி கிளம்பியது.

பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் புகை வந்தது. ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்தினார். எல்லோரையும் கீழே இறக்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். புகை நின்றது. நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து இல்லை.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மும்பை தாராவிக்கு வந்தார்கள். தாராவியில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஒரு கார் எலெக்ட்ரீசியன் இருந்தார். வயதானவர். ஓட்டுநரும் தமிழர்தான். இருவருக்கும் நல்ல பழக்கம்.

"என்ன தம்பி, பியூசில் தாள் சுற்றினாயா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமாண்ணே. பியூஸ்தானே போச்சு என்று நினைத்தேன்."

"பியூஸ் போனது தப்பு இல்லை, தம்பி. ஏன் போச்சு என்று நீ பார்க்காததுதான் தப்பு."

பெரியவர் சொன்னது சரிதானே? பியூஸ் எதற்காக இருக்கிறது? பார்ப்போம்.

பியூஸ் என்ன செய்கிறது?

காரில் உள்ள பேட்டரி பொதுவாக 12 வோல்ட். அதிலிருந்து ஒயர் வழியாக மின்சாரம் ஓடுகிறது. லைட், ஹார்ன், வைப்பர் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு ஒயரும் ஓர் அளவு மின்சாரத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஓடினால் ஒயர் சூடாகும். மேலே உள்ள உறை உருகும். தீப்பிடிக்கும்.

அதைத் தடுக்கத்தான் பியூஸ். அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் அந்தப் பட்டை முதலில் உருகி அறுந்து விடும். மின்சாரம் நின்று விடும். ஒயரும் காரும் தப்பும். பியூஸ் ஒரு காவல்காரன். தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றுகிறது.

ஓட்டுநர் காவல்காரனை நீக்கி விட்டு வெள்ளித்தாளை வைத்தார். தாள் அறுந்து போகவில்லை. ஒயர்தான் கருகியது.

எண்ணும் நிறமும்

பியூசின் தலையில் ஓர் எண் இருக்கும். அது எத்தனை ஆம்பியர் என்பதைச் சொல்கிறது. நிறமும் அதைச் சொல்லும். 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள். 30 ஆம்பியர் பச்சை. 15 போன இடத்தில் 15-தான் போட வேண்டும். 30 போட்டால் அதுவும் வெள்ளித்தாள் சுற்றியது போலத்தான்.

பியூஸ் போனதை எப்படி அறிவது?

ஒரு லைட் மட்டும் எரியவில்லையா? முதலில் பல்பைப் பாருங்கள். இரண்டு, மூன்று பொருள்கள் ஒன்றாக நின்று போனால் பியூசைப் பாருங்கள்.

முதலில் சாவியை எடுத்து விடுங்கள். பியூஸ் பெட்டி டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். பல கார்களில் பானட்டுக்குள்ளும் ஒன்று இருக்கும். எந்தப் பியூஸ் எதற்கு என்று மூடியிலோ காருடன் தரும் புத்தகத்திலோ போட்டிருக்கும். அதைப் படியுங்கள். பியூசை நேராக இழுத்து எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டை அறுந்திருந்தால் பியூஸ் போய் விட்டது.

பியூஸ் நன்றாக இருந்தும் வேலை நடக்கவில்லையா? பல்பு, சுவிட்ச், எர்த் ஒயர், பேட்டரி முனை ஆகியவற்றைப் பாருங்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

ஏன் போனது?

புதுப் பியூஸ் போட்டுப் பாருங்கள். அதுவும் போனால், எப்போது போகிறது என்று கவனியுங்கள்.

சுவிட்ச் போட்ட உடனே போகிறதா? எங்கோ ஒயர் உறை கிழிந்து காரின் தகட்டைத் தொடுகிறது. இதை ஷார்ட் என்பார்கள்.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது போகிறதா? ஒயர் எங்கோ உரசுகிறது.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகு போகிறதா? சுமை அதிகம். வைப்பர் மோட்டார் இறுகியிருக்கலாம். பெரிய பல்பு மாட்டியிருக்கலாம்.

"நீ என்ன பல்பு மாட்டினாய், தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"100 வாட் அண்ணே. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று போன வாரம்தான் மாட்டினேன்."

பெரியவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். முன்பு இருந்தவை 55 வாட் பல்புகள். இரண்டும் சேர்ந்து 110 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் அதைத் தாங்கும். இப்போது இரண்டும் சேர்ந்து 200 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் எப்படித் தாங்கும்?

"கணக்குப் பார்க்காமல் போய் விட்டேனே அண்ணே!" என்றார் ஓட்டுநர்.

பெரியவர் கருகிய ஒயரை மாற்றினார். பழைய 55 வாட் பல்புகளையே மாட்டினார். மூன்று நாள் வாடகை போயிற்று. ஒயருக்கும் கூலிக்கும் தனிச் செலவு. ஒரு பியூசின் விலையோ சில ரூபாய்தான். இப்போது அந்தக் காரில் எப்போதும் நாலைந்து மாற்று பியூஸ்கள் இருக்கின்றன.

நினைவில் வையுங்கள்

1. பியூஸ் மாற்றும் முன் சாவியை எடுத்து விடுங்கள்.

2. அதே எண் உள்ள பியூசையே போடுங்கள். கம்பி, வெள்ளித்தாள் வேண்டவே வேண்டாம்.

3. வழியில் பியூஸ் இல்லையா? ரேடியோவுக்கு அதே எண் இருந்தால் அதை எடுத்துப் போடலாம். ஊர் வந்ததும் புதிது வாங்கி வையுங்கள்.

4. இரண்டாவது பியூசும் போனால் மூன்றாவது போடாதீர்கள். எலெக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

5. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ் ஒயர். மாட்டும்போது கடைசியில் மைனஸ் ஒயர்.

6. ஏர்பேக் ஒயரைத் தொடாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரையும் தொடாதீர்கள். அதில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடும்.

பியூஸ் போனால் கோபப்படாதீர்கள். அது நமக்கு ஏதோ சொல்கிறது. என்ன என்று கேளுங்கள்.