நான்கெல்லைக்குள் ஒரு குடும்பம்

"எங்க ஊரோட பழைய மேப் எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா? டீயைக் குடியுங்கள், ஏன் என்று சொல்கிறேன். நில வரைபடத்தில் ஆள் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த எண்ணையும் ஆளையும் சேர்த்து வைத்திருப்பது பத்திரம்.

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் வரும். அங்கே சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருக்கும். 'வாய்க்காலுக்கு வடக்கு' என்று படித்துவிட்டு வாய்க்காலை வடக்கே தேடுகிறவர்கள் உண்டு. வாய்க்காலுக்கு வடக்கே இருப்பது நம் நிலம்; வாய்க்கால் நமக்குத் தெற்கே. இதை மாற்றிப் பிடித்தால் ஊரே தலைகீழாகிவிடும்.

எண் தெரிந்ததும் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் இன்றைய படம் வரும். தாத்தா காலத்து எண்ணை அப்படியே தட்டிவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் உட்பிரிவு எண்கள் ஏராளமாக மாறின. இதற்கு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. பட்டாதாரர் பெயரும் அதே வரிசையில் வரும்.

பழைய புலப்படம் கையில் கிடைத்தால் அளவுகளை மீட்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அது சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். பத்திரத்தில் உள்ள சென்ட்டும் படத்தில் உள்ள லிங்க்கும் ஒத்துவந்தால் சரியான நிலத்தில்தான் நிற்கிறீர்கள்.

அடுத்து கிராம வரைபடம். பழையவை மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, நத்தம், சுடுகாடு எல்லாம் அதில் தெரியும். ஊர் ஜமீனுக்கு உட்பட்டிருந்ததா என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட் பதிவேடுதான் முக்கியமான தடயம். பழைய பதிவேடுகளுக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

ஊர்ப்பெயரே சந்தேகம் என்றால் மட்டும் பெரிய வரைபடத்துக்குப் போங்கள். 1950களில் அமெரிக்க ராணுவம் தயாரித்த இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்பதால் ஊர் வெறும் புள்ளிதான். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்கள் அன்று இருந்தபடி கிடைக்கும்.

இவ்வளவு அலைந்து எடுத்த புலப்படத்தைப் பிறகு சும்மா மடித்து வைத்துவிடாதீர்கள். 112ஆம் புலத்தில் 3ஏ, 3பி, 3சி என்று மூன்று ஒல்லியான பட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுரமாக வெட்டாமல் ஏன் ரிப்பன் மாதிரி நீளமாக வெட்டினார்கள்? மூன்றின் தலைப்பும் வாய்க்காலைத் தொட வேண்டும், அதனால்தான். மூன்று பேருக்கும் தண்ணீர் வேண்டுமே! அது பெரும்பாலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. உங்கள் பத்திரத்தில் 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று வருகிற அந்த இன்னார், நீங்கள் பெயரே கேள்விப்படாத பங்காளியாக இருக்கலாம். அவர் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பத்திரம் இருக்கும். அதில் எல்லையாக உங்கள் தாத்தா பெயர் இருக்கும்.