பூரட்டாதியின் அருகே ஒரு மங்கிய விண்மீன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்ப்போமாயின், நான்கு விண்மீன்கள் பெரியதொரு சதுரமாய் அமைந்திருக்கக் காண்போம். மேலைநாட்டார் அதனைப் பெகாசஸ் என்னும் சிறகுடைய குதிரையின் உடல் என்பர். நமக்கோ அது புதியதன்று. வலப்பக்கத்து இரு விண்மீன்களும் நம் முன்னோர் கண்ட பூரட்டாதி. இடப்பக்கத்து இரண்டும் உத்தரட்டாதி.

பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கும் ஏறத்தாழ நடுவே, சதுரத்துக்குச் சற்று வெளியே, மஞ்சள் கலந்த வெண்ணிற விண்மீனொன்று மங்கலாக மினுங்குகின்றது. '51 பெகாசி' என்பது அதன் பெயர். அதன் ஒளித்தரம் 5.5. வெறுங்கண்ணுக்குப் புலப்படும் எல்லை ஏறத்தாழ 6 ஆகையால், நிலவற்ற இருண்ட நாட்டுப்புறத்திலேயே அதனைக் காணலாம். நகரத்தில் வாழ்வோருக்குச் சிறியதொரு பைனாகுலர் வேண்டும்.

இதனைத் தேடிக் காண்பதற்குக் காரணம் உண்டு. சூரியனைப் போன்ற பிற விண்மீன்களையும் கோள்கள் சுற்றுகின்றனவா என்னும் வினாவுக்கு முதல் விடை தந்தது இவ்விண்மீனே. 1995 ஒக்டோபரில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் அதனை அறிவித்தனர். கோளை அவர்கள் கண்ணாற் காணவில்லை. தென் பிரான்சிலுள்ள வானாய்வு நிலையத்தில் அவ்விண்மீனின் ஒளியைப் பகுத்தாராய்ந்தபோது, அது 4.2 நாள்களுக்கு ஒருமுறை நம்மை நோக்கிச் சிறிது நெருங்கிப் பின் விலகுவதைக் கண்டனர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இழுத்தாலன்றி இவ்வசைவு நிகழாது. வியாழனின் பாதியளவு நிறையுடைய கோளொன்று, பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தின் இருபதில் ஒரு பங்கிலே அதனைச் சுற்றுகின்றது. அத்துணை பெரிய கோள் அவ்வளவு அருகில் இருத்தல் கூடுமோ எனப் பலர் ஐயுற்றனர். அமெரிக்க வானியலாளர் விரைவிலேயே அதனை உறுதிசெய்தனர். 2019 இல் அவ்விருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

51 பெகாசி ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நாம் காணும் அதன் ஒளி அரை நூற்றாண்டுக்கு முன் புறப்பட்டது. நம் மூத்தோர் பலர் ஊரிலே, வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்து வானத்தைப் பார்த்திருந்த காலம் அது.

இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கோ பூரட்டாதி என்பது சாதகக் குறிப்பிலுள்ள ஒரு சொல் மட்டுமே. முகில் இல்லாத ஓரிரவில் அவர்களைப் பாட்டன் பாட்டியருடன் நகர விளக்குகளுக்கு அப்பால் அழைத்துச் செல்வோம். பூரட்டாதியைப் பெரியோர் காட்டட்டும். அதனருகே கண்டறியப்பட்ட கோளைப் பற்றிப் பிள்ளைகள் அவர்களுக்கு எடுத்துரைக்கட்டும்.