மலைக்குச் சாலை கேட்க ஒரு சட்டம் இருக்கிறது

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தாய்தான் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார்.

அப்போது பலரும் வருந்தினோம். ஆனால் வனத்துக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளில் சாலை கேட்டால் இன்றும் அதே பதில்தான். ஊராட்சியைக் கேட்டால் "ஃபாரஸ்ட் விடமாட்டாங்க" என்பார்கள். வனத்துறையைக் கேட்டால் "எங்களுக்கு முறையாக எதுவும் வரவில்லை" என்பார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் டோலி கட்டிச் சுமப்பது ஊர் மக்களின் தோள்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. நிலப் பட்டாவுக்கான சட்டம் என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். அதன் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகை அரசு வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. நான்கு மீட்டர் அகலப் பாதை என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்குப் போடலாம். பல ஊர்களுக்கு இதுவே போதும்.

இந்த ஒதுக்கீட்டுக்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். பணியைச் செய்யப்போகும் ஊராட்சியோ துறையோ அந்தத் தீர்மானத்தோடு வனச்சரகரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2009இல் வகுத்த நடைமுறைப்படி, வனச்சரகர் மூன்று வாரத்துக்குள் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். மாவட்ட வன அலுவலர் நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு உடன்பாடு இல்லை என்றால் விஷயம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நிலைக் குழுவுக்குப் போகும்.

எந்தக் கிராம சபை என்பதுதான் முக்கியமான கேள்வி. பெரிய ஊராட்சியில் சமவெளிக் கிராமங்களுக்கு நடுவே ஒரு பழங்குடிக் குடியிருப்பு இருந்தால், பொதுக் கிராம சபையில் அதன் குரல் எடுபடாது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் குடியிருப்புகளும் தனிக் கிராமமாகக் கருதப்படலாம். அவற்றைப் பட்டியலிட்டுக் கோட்டாட்சியருக்கு அனுப்புவது ஊராட்சியின் வேலை என்று 2012 திருத்த விதிகள் சொல்கின்றன. உங்கள் குடியிருப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சபை கூடும்போது உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் சரி. தீர்மானத்தில் பாதை எங்கிருந்து எங்கே போகிறது, நீளம் அகலம் என்ன, எத்தனை மரங்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். எழுதியதைச் சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். நாளை கோப்பு காணாமல் போனால் அந்த நகல்தான் உங்கள் சாட்சி.

கிராம சபைக்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை நிராகரித்தன. மலை தப்பியது.

இதே சட்டத்தின் கீழ் வைக்கும் நில உரிமைக் கோரிக்கையைக் கிராம சபையோ உட்கோட்ட நிலைக் குழுவோ நிராகரித்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமையைப் பரிசீலித்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4(5) பிரிவு. பழங்குடியினரின் வன உரிமையில் தலையிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். வருமான வரம்பு இல்லாமலே பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலைக் குடியிருப்பைப் பயனாளிப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் பார்க்காதீர்கள். அந்த மக்களின் தீர்மானம் இல்லாமல் இந்தச் சட்டத்தில் உங்களால் ஒரு குழாய்கூடப் பதிக்க முடியாது. திட்ட மதிப்பீடு போடும் முன்பே மேலே ஏறிப் போங்கள். எந்த இடத்தில் மழைக்கு மண் சரியும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து பாதையைக் குறித்து, அந்த வாரமே விண்ணப்பத்தை வனச்சரகரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.