கீழே விழும் முன்பே செல்போன் எச்சரிக்குமா?

"ஒண்ணும் இல்லப்பா, லேசா வழுக்கிடுச்சு." ஊரிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னால், அது முதல் தடவையா, மூன்றாவது தடவையா என்பது சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குத் தெரியாது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

பலருக்கு விழுவதற்கு முன்பே நடை மாறத் தொடங்கிவிடும். வேகம் குறையும், எட்டு வைக்கும் தூரம் சுருங்கும், இரண்டு காலும் ஒரே சமயம் தரையில் இருக்கும் நேரம் கூடும். போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்கு உதவும் ஆக்ஸிலரோமீட்டர் சென்சாரே இந்த அசைவுகளையும் பிடித்துவிடுகிறது. 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ஐபோனில் 'வாக்கிங் ஸ்டெடினஸ்' என்ற வசதி உண்டு. நடையின் உறுதி சரியாக இருக்கிறதா, குறைவா, மிகக் குறைவா என்று அது சொல்லும். பெற்றோர் அனுமதித்தால் அந்தத் தகவலைப் பிள்ளைகளும் தங்கள் ஐபோனில் பார்க்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில். போன் இடுப்புக்குப் பக்கத்தில், பாக்கெட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். புடவைக்கு ஏது பாக்கெட்? அப்பாவின் போன் வீட்டுக்குள் வந்ததும் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடக்கும்.

அதற்கு வீடியோ கால் எவ்வளவோ தேவலாம். டாக்டர்கள் 1991-லிருந்து பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது: 'டைம்டு அப் அண்ட் கோ'. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்கிறது அமெரிக்காவின் சிடிசி. கைத்தடி வைத்திருந்தால் அதோடே நடக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். "வேகமா நடந்து காட்டட்டுமா?" என்று அப்பா கிளம்பினால் சோதனையே விபத்தாகிவிடும்.

நடை தடுமாறுவதைப் போன் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. பிபி மாத்திரையால் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கலாம், சர்க்கரையால் பாதம் மரத்திருக்கலாம், உள்காதில் கோளாறு இருக்கலாம். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிபி பார்க்க உள்ளூர் கிளினிக்கே போதும். போகும்போது மாத்திரைச் சீட்டு மொத்தமும் கையில் இருக்கட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால் மட்டும் வீடியோ கால் வேண்டாம். வலி இல்லை என்று சொன்னாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.